ஆறாம் கட்டிலின் மூச்சு

கரவெட்டியில் அந்த முதியோர் இல்லத்துக்குப் போவதென்றால் பெரிய வீதியை விட்டு இரண்டு ஒழுங்கை உள்ளே இறங்க வேண்டும். ஐப்பசி மழைக்கு ஒழுங்கை முழுக்கச் சேறு. முதல்நாள் நானும் ஜெசிதாவும் என்னுடைய ஸ்கூட்டரில் போனோம். ஒரு கையில் குடையும் மறு கையில் ஒலிப்பதிவுக் கருவி வைத்த பையுமாகப் பின்னால் இருந்தவள், விழுந்தால் நான் விழுவேன் மிஸ், பையை விடமாட்டேன் என்று சிரித்துக்கொண்டு வந்தாள். குருநகர்ப் பிள்ளை. வயது இருபத்துநாலு. தகப்பன் கடற்றொழில். தேவாலயத்துப் பாடகர் குழுவில் சின்ன வயதிலிருந்து பாடியவள். என்னிடம் படித்த ஒன்பது பேரில் ஆகக் கூர்மையான காது அவளுடையதுதான். அதை நான் ஒருநாளும் அவளுக்குச் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கனம் பிடித்துவிடும் என்று நினைத்தேன்.

என் பெயர் உதயகலா. இருபது வருடம் வயலின் படிப்பித்துவிட்டு, பிறகு இந்தியாவுக்குப் போய் இசைச் சிகிச்சை படித்துக்கொண்டு வந்தவள். இப்போது அதற்கு ஒரு வருடப் பட்டய வகுப்பு நடத்துகிறேன். தாதிமாரும் இசை படித்த பிள்ளைகளும் வருகிறார்கள். இன்ன ராகத்தைக் கேட்டால் சீனி வருத்தம் மாறுமாமே என்று என்னிடம் கேட்காத ஆள் யாழ்ப்பாணத்தில் இல்லை. அப்படிக் கேட்டவர்களோடு சண்டை பிடித்தே என் வாய் கெட்டுப்போனது. பேய், பிசாசு, நூல் கட்டுவது எல்லாம் எனக்குச் சிரிப்பு. நான் நம்பியது என் காதை மட்டும்தான்.

நாங்கள் செய்வது சின்ன வேலை. மூச்சு முட்டிப் பதறிக்கொண்டு கிடக்கிற ஒருவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் மூச்சை விடுகிற நேரம் பார்த்து, வாயை மூடிக்கொண்டு மெல்ல ஒரு சுரம் பிடிக்க வேண்டும். அவர் நிமிடத்துக்கு முப்பது மூச்சு விட்டால் நாங்களும் முப்பது. ஐந்து நிமிடம் அப்படி அவரோடு போனால் அவருடைய உடம்பு எங்களை நம்பத் தொடங்கும். அதற்குப் பிறகு நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்குவோம். அவரும் கூட வருவார். முதலில் சேர்ந்து போகிறது, பிறகு கூட்டிக்கொண்டு போகிறது. மருந்துக் குளிசை இல்லாமல் முப்பதை இருபதுக்கு இறக்கலாம். நானே பலபேருக்கு இறக்கியிருக்கிறேன்.

அந்த இல்லம் ஒரு பழைய கல்வீடு. சொந்தக்காரர்கள் கனடாவில். நடு மண்டபத்தைத்தான் பெண்கள் பகுதியாக்கியிருந்தார்கள். ஆறு கட்டில்கள். டெற்றோல் மணமும் ஈரச் சீலை மணமும் கலந்து கிடந்தன. பின் சுவரோரம் யன்னலுக்குக் கீழே இருந்த ஆறாம் கட்டில் மட்டும் வெறுமை. றெக்சின் மெத்தை, அதன் கால்மாட்டில் மடித்து வைத்த வெள்ளைப் போர்வை. இடம் கேட்டு இருபது குடும்பம் காத்திருக்கிறது என்று சொன்ன வாயால், அந்தக் கட்டிலுக்கு யன்னல் சாரல் அடிக்கும் என்றும் சொன்னார் பொறுப்பாளர் கேதீஸ்வரி. ஐம்பது வயது மனுசி, அளந்து கதைக்கிறவர். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மெத்தை காய்ந்திருந்தது. அதைப் பார்த்தும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜெசிதாவுக்கு நான் தெரிந்தெடுத்துக் கொடுத்த நோயாளி ஐந்தாம் கட்டில் இரத்தினம்மா. எழுபத்தெட்டு வயது, இருதயம் பலவீனம். பின்னேரமானால் மூச்சு வாங்கும், கை நடுங்கும், கண் அங்கும் இங்கும் ஓடும். அவருடைய நோய்க் கோவையில் 'பதற்றம்' என்று எழுதியிருந்தது. அவருக்கு இடது காது கேளாது. அதனால் வலப்பக்கம்தான் இருக்க வேண்டும். வலப்பக்கம் என்றால் ஐந்தாம் கட்டிலுக்கும் ஆறாம் கட்டிலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அங்கே ஒரு கதிரையைப் போட்டு ஜெசிதாவை இருத்தினேன். அவளுடைய முதுகு ஆறாம் கட்டிலுக்கு.

கண்ணை மூடச் சொன்னதும் நான்தான். கண் திறந்திருந்தால் மாணவர்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்து இரங்குவார்கள், காது வேலை செய்யாது. இது என்னுடைய வகுப்பில் முதல் பாடம்.

செவ்வாயும் வியாழனும் பின்னேரம் இரண்டரை மணி. மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரம். முதல் இரண்டு தடவை நானும் பக்கத்தில் நின்றேன். ஜெசிதா அழகாகச் செய்தாள். இருபத்தெட்டில் சேர்ந்து, இருபத்திரண்டுக்கு இறக்கினாள். மூன்றாம் தடவையிலிருந்து அவளைத் தனியே விட்டுவிட்டு, பதிவை மட்டும் அனுப்பச் சொன்னேன். களப்பயிற்சி அப்படித்தான். மாணவர் செய்வார், ஆசிரியர் வீட்டிலிருந்து கேட்டுப் பிழை பிடிப்பார்.

நாலாவது பதிவில் பிழை தொடங்கியது.

இரத்தினம்மா முப்பதில் இரைத்துக்கொண்டிருக்கிறார். ஜெசிதாவின் சுரம் பத்தில் நிற்கிறது. சேர்ந்து போகவே இல்லை. எடுத்த எடுப்பிலேயே மெதுவாகப் பிடித்துக்கொண்டு, தன்பாட்டில் போகிறாள். அவசரக்காரப் பிள்ளைகள் எல்லாரும் விடுகிற பிழை இது. நோயாளியைக் கேட்காமல் தாங்கள் போக நினைத்த இடத்துக்குப் போவது. எனக்குச் சரியான கோபம். அடுத்த வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன்.

"நான் அவவின்ரை மூச்சோடைதான் போனனான் மிஸ்," என்றாள் அவள். முகம் சிவந்துவிட்டது.

முப்பதுக்கும் பத்துக்கும் வித்தியாசம் தெரியாத காதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வரலாமே என்று கேட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இந்தப் பட்டயம் கையில் கிடைத்தால் ஒரு வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பகுதியில் வேலை தருவதாக அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். களப்பயிற்சியில் நான் கையெழுத்து வைக்காவிட்டால் ஒரு வருடம் போய்விடும். அதை நான் வாய் திறந்தே சொன்னேன். பிறகு அவளைத் தனியே கூப்பிட்டு, திருத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு இதையும் சொன்னேன்.

"இன்னும் உள்ளுக்குக் கேளும். கேக்கிற மூச்சை விட்டிடாதையும். அது எங்கை போகுதோ, நீரும் அதோடை போம்."

ஓம் மிஸ் என்று தலையாட்டினாள்.

அந்தக் கிழமையிலிருந்து பிள்ளை மாறத் தொடங்கினாள். வகுப்பில் ஒரு வசனம் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்ல மறந்தவள் போல் அப்படியே இருப்பாள். பக்கத்திலிருந்த வினோஜா கிள்ளினால்தான் 'ஹக்' என்று ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு தொடர்வாள். நித்திரை முழிப்பு, காதல் கீதல் என்று பகிடி பண்ணினார்கள். வினோஜா தாதி. அவள் மட்டும் பகிடி பண்ணவில்லை. ஜெசிதாவின் நகத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மிஸ், நகக்கண் நீலமாயிருக்கு என்று என்னிடம் வந்து சொன்னாள். டாக்குத்தரிடம் அனுப்பினேன். இரத்தம், நெஞ்சுப்படம் எல்லாம் திறம், ஒரு குறையும் இல்லை.

கரவெட்டிக்குப் போக விருப்பமில்லையென்றால் வேறு இடம் பார்க்கலாம் என்று ஒருநாள் கேட்டேன். அவள் பதறிப்போனாள்.

"வேண்டாம் மிஸ். அங்கை மூச்சு விடுறது நல்ல சுகமாக் கிடக்கு. ஒரு அவசரமும் இல்லை."

அந்தப் பதிலில் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது. பட்டதை நான் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டேன். ஒன்பது பிள்ளைகளின் பதிவுகள் கேட்கக் கிடந்தன.

என் வீடு கொடிகாமம் சந்தைக்குப் பின்னால். மரக்கறி லொறிகள் ஏற்றி இறக்குகிற சத்தத்தில் சாதாரணமாகக் கேட்டால் ஒன்றும் கேளாது. காதை முழுக்க மூடுகிற ஹெட்போன் ஒன்று வைத்திருக்கிறேன். ஜெசிதாவின் எட்டாவது பதிவை ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுக் கேட்க இருந்தேன். கையில் நிறுத்தற் கடிகாரம்.

சுரம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். பதினைந்து விநாடிக்குப் பிறகு அடுத்த சுரம். அதற்குப் பிறகு பதினாறு. நிமிடத்துக்கு நாலு. பின்னால் இரத்தினம்மா ஓடி வந்தவர் போல் இரைத்துக்கொண்டிருக்கிறார். இந்தப் பெட்டை என்ன விளையாட்டு விளையாடுகிறாள் என்று எரிச்சலோடு சத்தத்தைக் கூட்டினேன்.

அப்போதுதான் அது கேட்டது.

ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கணம் முன்னால், வேறொரு மூச்சு.

ஈரமான மூச்சு. அடித்தொண்டையில் சளி உருண்டு, நீளமாக வெளியே போகிற மூச்சு. ஜெசிதாவுடையது இல்லை, அவள் சுரம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இரத்தினம்மாவுடையது இல்லை, அவர் தன்பாட்டில் இரைக்கிறார். மூன்றாவது ஆள்.

ஜெசிதாவின் சுரம் அந்த மூச்சில் அச்சொட்டாகப் பொருந்தியிருந்தது. ஒரு மயிரிழை விலகவில்லை. பழைய பதிவுகளை எடுத்துப் போட்டேன். நாலாவதில் அது பத்து. ஐந்தாவதில் எட்டு. ஆறாவதில் ஆறு. எல்லாவற்றிலும் இருந்தது. நான் இரத்தினம்மாவை மட்டும் எண்ணிக்கொண்டு இருந்ததில் எனக்குத்தான் கேட்கவில்லை. பிள்ளை சரியாகக் கேட்டிருக்கிறாள். நான் சொன்னபடி, அது போன இடத்துக்கெல்லாம் அதோடு போயிருக்கிறாள்.

எட்டாவது பதிவின் கடைசியில் ஒரு குரலும் இருந்தது. இரைப்புக்கு நடுவில், களவாகச் சொல்வதுபோல, இரத்தினம்மா.

"என்னோடை வா பிள்ளை. உந்த மனுசியோடை போகாதை."

பதற்றம் என்று கோவையில் எழுதியிருந்தார்களே, அது பதற்றம் இல்லை. அந்த மனுசி இவ்வளவு நாளும் பயத்தில் இரைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அதை இருதய வருத்தம் என்று நாங்கள் எண்ணிக்கொண்டு இருந்தோம்.

மணி ஒன்றே முக்கால். ஜெசிதாவுக்கு எடுத்தேன். தொலைபேசி அணைத்திருந்தது. அமர்வுக்குப் போகும்போது அணைக்க வேண்டும் என்பதும் என்னுடைய சட்டம்தான். கேதீஸ்வரி எடுக்கவில்லை. சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வரணி தாண்டி வயல்வெளியில் மழை முகத்தில் அடித்தது, முன்னால் போகிற வாகனம் தெரியவில்லை. ஐயோ முருகா, பிள்ளையை விட்டுவிடு என்று நான் சத்தமாகவே சொல்லிக்கொண்டு போனேன். எனக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை.

இல்லத்துப் படியில் ஏறும்போது இரண்டு ஐம்பது.

மண்டபத்துக்குள் வெளிச்சம் இருந்தது. மழை வெளிச்சம், சாம்பல் நிறம். முதல் நாலு கட்டிலிலும் சனம் போர்த்துக்கொண்டு படுத்திருந்தது. மின்விசிறி ஓடவில்லை. இரத்தினம்மா நாலாம் கட்டில் பக்கம் பார்த்துச் சரிந்து கிடந்தார். ஜெசிதா கதிரையில் நிமிர்ந்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. உதடு நாவற்பழம் தின்ற நிறத்தில் இருந்தது.

தோளைப் பிடித்து உலுப்பினேன். தலை ஆடியது. கண் திறக்கவில்லை.

கன்னத்தில் அடித்தேன். ஒன்றுமில்லை.

நான் போட்ட சத்தத்தில் கேதீஸ்வரி ஓடி வந்தார். பார்த்ததும் அம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு ஒட்சிசன் உருளையை உருட்டிக்கொண்டு வந்தார். முகமூடியைப் போட்டோம். காற்று வருகிறது, ஆனால் பிள்ளை இழுக்க வேண்டுமே. அவள் இழுக்கவில்லை. நான் விநாடியை எண்ணினேன். இருபது. இருபத்தைந்து. முப்பது.

முப்பதில் அவளுக்குப் பின்னாலிருந்து அந்த மூச்சு வந்தது.

நேரே கேட்டேன். என் காதால்.

அது போகும்போது ஜெசிதாவின் நெஞ்சு இறங்கி, அந்தச் சுரம் நூல் மாதிரி வெளியே வந்தது. பிறகு அவளும் நின்றாள். அதுவும் நின்றது.

கேதீஸ்வரி முகமூடியை விட்டுவிட்டுச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டார். அவருக்கும் கேட்டிருக்கிறது. முதல் தடவையும் இல்லை என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். சேர்ந்து போகிறது, பிறகு கூட்டிக்கொண்டு வருகிறது. ஜெசிதாவுக்கு எதிரே முழங்காலில் இருந்து அவளுடைய கையைப் பிடித்தேன். அப்படி இருந்தால் ஆறாம் கட்டில் எனக்கு நேரே தெரியும். போர்வை கால்மாட்டில் மடித்தபடி இருந்தது. கட்டிலில் ஒருவரும் இல்லை. றெக்சின் மெத்தையின் நடுவில் மட்டும் ஆள் படுத்தால் விழுகிற பள்ளம்.

அவளுடைய அடுத்த சுரத்தில் நானும் சேர்ந்தேன். மூச்சை விட்டு, பிறகு முப்பது விநாடி இழுக்காமல் காத்திருந்தேன். நெஞ்சு வெடிக்கும் என்று நினைத்தேன். வெடிக்கவில்லை. இரண்டாம் தடவை அது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. மூன்றாம் தடவை சுகமாக இருந்தது. அப்படியே இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது, அதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. நான் அவளுடைய கையில் என் நகத்தை அழுத்தினேன்.

நாலாவதை ஐந்து விநாடி முந்தி எடுத்தேன்.

அவள் வந்தாள். கொஞ்சம் தடுமாறி, ஆனால் வந்தாள்.

இருபது. பதினைந்து. பன்னிரண்டு விநாடிக்கு ஒன்று. உதட்டில் நிறம் திரும்பத் தொடங்கியது. என் கண்ணில் தண்ணீர் ஓடியது. பத்துக்கு வந்தபோதுதான் மற்றதைக் கவனித்தேன்.

அதுவும் வந்துகொண்டிருந்தது.

மெத்தையின் பள்ளத்திலிருந்து, எங்களோடு, பத்து விநாடிக்கு ஒன்று. பிறகு எட்டுக்கு ஒன்று. தொண்டையில் உருண்ட சளி குறைந்திருந்தது. எதிரே நின்ற கேதீஸ்வரி வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நிறுத்தலாம். நான் நிறுத்தினால் அது பழையபடி மெதுவாகும். இன்னும் இரண்டு மூன்று மூச்சில் அடங்கியும் போயிருக்கும். அடங்கும்போது ஜெசிதாவையும் கொண்டு போகும். இவள் இன்னும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். என் சுரம் அவளுக்கு அதற்கு மேலால் கேட்டது, அவ்வளவுதான்.

நான் நிறுத்தவில்லை. தெரிந்துகொண்டே செய்தேன்.

ஆறு. ஐந்து. நாலு. நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு, நல்ல சுகதேகியின் மூச்சு. ஜெசிதா ஒருதரம் பெரிதாக இருமி, கண்ணைத் திறந்து, மிஸ் என்றாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவளுடைய தோளுக்கு மேலால், ஆறாம் கட்டிலில், நித்திரை முறிந்து எழும்புகிற ஒருவர் விடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு கேட்டது. மெத்தை மெல்ல நிமிர்ந்து சமமானது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் சத்தமில்லை.

மண்டபம் முழுக்க அமைதி. அந்த அமைதி எனக்கு உறைக்க ஒரு நிமிடம் எடுத்தது. இரத்தினம்மாவின் இரைப்பைக் காணவில்லை.

மற்றப் பக்கம் திரும்பிக் கிடந்தவரைக் கேதீஸ்வரிதான் புரட்டிப் பார்த்தார். கண் திறந்தபடி இருந்தது. உடம்பு சூடு. எப்போது போனார் என்று தெரியாது. பக்கத்தில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் வேறு மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். என்னோடை வா பிள்ளை என்று கேட்ட மனுசிக்கு ஒருவரும் காது கொடுக்கவில்லை.

அம்புலன்ஸ் வந்து ஜெசிதாவை ஏற்றிய பிறகு, விறாந்தையில் நின்று கேதீஸ்வரியைக் கேட்டேன். ஆறாம் கட்டிலில் கிடந்தது யார் என்று. தங்கமுத்து என்று ஒரு மனுசி, மூன்று வருடத்துக்கு முன்னம், ஆவணி மாதம் என்றார். ஒருவரும் வந்து பார்க்கிறதில்லையாம். மூன்று கிழமை சேடம் இழுத்து, சாகிற மூச்சோடு போராடிக்கொண்டு கிடந்தாராம்.

"கடைசியிலை ஒரு மூச்சுக்கும் மற்றதுக்கும் நடுவிலை ரெண்டு நிமிசம், மூண்டு நிமிசம் போகும் மிஸ். எதைக் கடைசி எண்டு எடுக்கிறது? நான் பத்து நிமிசம் பாத்தனான். பிறகு வாயைக் கட்டினன்."

கேதீஸ்வரி தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"கட்டி முடிய, என்ரை கையிலை சூடாப் பட்டது."

டாக்குத்தர் பார்க்கவில்லையா என்று கேட்டேன். அவர் பின்னேரம் வந்து, வாய் கட்டிக் கிடந்த ஆளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தாராம். அதற்கு முன்னமாவது யாருக்காவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"பெட்டி வந்திட்டுது மிஸ்," என்றார் கேதீஸ்வரி.

அன்றைக்கே எரித்துவிட்டார்கள். அந்தக் கட்டிலில் பிறகு போட்ட இரண்டு பேருக்கும் மூச்சு நின்று நின்று வந்ததாம். அதற்குப் பிறகு ஒருவரையும் போடவில்லை. அடங்கிக்கொண்டுதான் வந்தது மிஸ், வருசத்துக்கு வருசம் குறைஞ்சுகொண்டுதான் வந்தது என்று சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். அதில் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. இருக்கத்தான் வேண்டும்.

ஜெசிதாவை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். நுரையீரலில் ஒன்றுமில்லை, மூளையில் ஒன்றுமில்லை. நான் கரவெட்டிக் களப்பயிற்சியை நிறுத்தினேன். அறிக்கையில் மாணவி சுகவீனம் என்று மட்டும் எழுதினேன். வேறு என்னத்தை எழுதுவது? நாலாவது பதிவின் கீழே 'நோயாளியைக் கேட்கவில்லை' என்று நான் சிவப்பு மையால் எழுதியிருந்த தாளைக் கிழித்துப் போட்டேன்.

மூன்று கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் தொலைபேசி எடுத்தாள். நல்ல வெயில். சந்தையில் லொறி எல்லாம் போய்விட்டது. குரலைக் கேட்டதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. பழைய ஜெசிதா. கலகலவென்று கதைத்தாள். மிச்ச மணித்தியாலங்களை வேறு இடத்தில் முடிக்கலாமா என்று கேட்டாள். முடிக்கலாம், கையெழுத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றேன். பிறகு, சொல்லவேண்டியதையும் சொன்னேன்.

"பிழை என்னிலைதான் பிள்ளை. உம்மடை காது சரி. நான்தான் கேக்கேல்லை."

அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். அதை மறைக்கக் கதையை மாற்றினாள். நத்தார்ப் பண்டிகைக்குத் தேவாலயத்தில் பாட்டுப் பழகுவது, தமையன் றஜிந்தன் புது வலை எடுத்தது, அம்மா பலகாரத்துக்கு மா இடித்துக்கொண்டிருப்பது என்று மூச்சு விடாமல் அடுக்கிக்கொண்டு போனாள். நான் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

கதைக்கிற ஆள் கதைக்கிற நேரத்தில் மூச்சை உள்ளே இழுக்க முடியாது. யாராலும் முடியாது.

அவள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

நிதானமாக, ஈரமில்லாமல். பிறகு வெளியே விட்டார்கள். பிறகு இழுத்தார்கள். நான் என்னை அறியாமல் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினெட்டு. ஜெசிதா ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். அவளுக்குக் கேட்கவில்லை.

பதினைந்துக்குத்தானே நான் கொண்டுவந்து விட்டேன், இது ஏன் பதினெட்டு என்று யோசித்தேன். அப்போதுதான் எனக்கு நெஞ்சு படபடத்துக்கொண்டிருப்பதும், நான் வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பதும் தெரிந்தது.

மூச்சைப் பிடித்தேன்.

அதுவும் நின்றது.

ஜெசிதா கதைத்து முடித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். மா இடிக்கிற சத்தம் தூரத்தில் கேட்டது. "மிஸ், லைனிலை நிக்கிறீங்களோ?" என்று கேட்டாள். நான் தாங்கமுடியாமல் ஒரு மூச்சை இழுத்தேன். அதுவும் என்னோடு சேர்ந்து இழுத்தது. சேர்ந்து விட்டது.

அடுத்ததை அது கொஞ்சம் பிந்தி எடுத்தது.

நான் அதற்காகக் காத்திருந்தேன்.